தொட்டிக்குள் ஓர் ஆறு

மீன் வளர்ப்பதென்றால் கண்ணாடித் தொட்டியொன்றில் நீர் நிரப்பி, காலையும் மாலையும் இரை தூவுவதுதான் என்று எண்ணியிருந்தவன் நான். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணிதம் போதித்தவனுக்கு ஒரு தொட்டித் தண்ணீரின் கணக்கா தெரியாமற் போய்விடும் என்ற செருக்கும் உள்ளூர இருந்தது. அந்தச் செருக்கை அடக்கியவை, விரல் நீளமேயுள்ள ஆறு மீன்கள்.

2021ஆம் ஆண்டு ஆவணி மாதம். கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. ஏழாம் ஆண்டிற் படித்துக்கொண்டிருந்த என் பேத்தி மாத்தளையில் எங்களோடு இருந்தாள். இரத்தோட்டைப் பக்கத்தில் என் மைத்துனருக்குக் கொஞ்சம் வயல் உண்டு. ஒருநாள் அங்கே போயிருந்தபோது, வயலுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால் வற்றி, அடியில் ஒரு முழ அகலக் குட்டை மட்டும் எஞ்சியிருந்தது. அதிற் சில மீன்கள் துடித்துக்கொண்டிருந்தன. பேத்தி ஒரு பால்மாத் தகரத்தை வாங்கி அவற்றை அள்ளிக்கொண்டாள். “தாத்தா, மழை வரைக்கும் நம்ம வீட்டுல இருக்கட்டும்” என்றாள். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவை கல்லில் ஒட்டி வாழும் சாதி. சிங்களவர் கல் பாண்டியா என்பர். தலையின் அடிப்புறத்தில், வாயையொட்டி வட்டமான தசைத் தட்டு ஒன்று உண்டு. அதனால் பாறையைப் பற்றிக்கொண்டு, எத்தனை வேகமாக நீர் மோதினாலும் அசையாமல் நின்று, கல்லிற் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும். இலங்கைக்கே உரிய இந்த மீனை 1863இல் பிளீக்கர் என்ற ஒல்லாந்து அறிஞர் விவரித்து, நம் தீவின் பெயரையே அதற்குச் சூட்டினார். இந்த விவரமெல்லாம் பிற்பாடு நான் தேடிப் படித்தவை. அன்று எனக்குத் தெரிந்தது, பழுப்பு நிறமான, பார்வைக்கு அழகற்ற ஆறு மீன்கள் என்பது மட்டுமே.

வீட்டில் தொட்டி முன்பே இருந்தது. பொன்மீன் வளர்ப்பதற்கென்று என் மகன் வாங்கித் தந்தது. நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம். நிரப்பினால் ஏறத்தாழ 220 லீற்றர் கொள்ளும். அதன் கீழே, மேசையின் அடித்தட்டில், இன்னொரு சிறு தொட்டி. மேல் தொட்டியின் விளிம்பளவு உயர்ந்த நீர் ஒரு குழாய் வழியே கீழே வடியும். அங்கே பஞ்சிலும் சரளைக் கல்லிலும் அழுக்கு தங்கிவிடும். தெளிந்த நீரை ஒரு சிறு மின்பம்பி மறுபடி மேலே அனுப்பும். நீர் இறங்குவது தன் கனத்தால், ஏறுவது பம்பியின் பலத்தால். இவ்வளவுதான் அந்த ஏற்பாடு. பொன்மீன்களுக்கு அது போதுமானதாயிருந்தது.

வாய்க்கால் மீன்களுக்குப் போதவில்லை. மூன்றாம் நாள் ஒன்றும் ஐந்தாம் நாள் ஒன்றும் இறந்தன. மற்றவை பாசியைத் தொடாமல், மூலையிற் கிடந்து செவுளை விரித்து மூச்சு வாங்கின. பேத்தி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் முதலிற் தொட்டியைப் பார்த்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு முன்னால் என் முப்பத்திரண்டு ஆண்டு உபாத்தியாயம் ஒன்றுமில்லாமற் போயிற்று.

மீன்கடைக்காரர் ஒருவரிடம் யோசனை கேட்டேன். ஓடுகிற தண்ணீர் மீனுக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும், பெரிய பம்பியாகப் போடுங்கள் என்றார். அவர் சொன்னதிற் பாதி உண்மை. மற்றப் பாதியை நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

வாங்குமுன் பழைய பம்பியை அளந்து பார்த்தேன். மணிக்கு 1200 லீற்றர் என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது. 10 லீற்றர் வாளியை மேல் தொட்டியின் உயரத்திற் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தேன். நிரம்ப 50 வினாடி ஆயிற்று. அதாவது மணிக்கு 720 லீற்றர். பம்பியின்மேல் எழுதியிருக்கும் கணக்கு நீரை உயர்த்தாமல் தள்ளுவதற்கான கணக்கு. ஒவ்வொரு சாண் உயரத்துக்கும் அது குறைந்துகொண்டே வந்து, குறித்ததோர் உயரத்தில் ஒரு துளியும் ஏறாது நின்றுவிடும். குழாயின் ஒவ்வொரு வளைவும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். இதை வாசிக்கும் மாணவர்கள் வீட்டில் ஒரு வாளியும் கடிகாரமும் கொண்டு தாமே செய்து பார்க்கலாம்.

புதிய பம்பி அதே வாளியை 8 வினாடியில் நிரப்பிற்று. மணிக்கு 4500 லீற்றர். தொட்டி நீர் முழுவதும் மணிக்கு இருபது தடவை சுற்றிவரும் என்ற கணக்கில் நான் பூரித்துப்போனேன். இரவு அதை ஓடவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால், ஒற்றைக் குழாயிலிருந்து பீறிட்ட நீர் எதிர்க் கண்ணாடியில் மோதி, தொட்டி முழுவதையும் ஓயாமல் கலக்கிக்கொண்டிருந்தது. மூன்று மீன்கள் வடிகுழாயின் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தன. ஒன்றைக் காணவில்லை. அது தரையில், நாற்காலிக் காலடியில் காய்ந்து கிடந்தது.

அன்று நான் பம்பியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். பேத்தி வெகுநேரம் பேசாமலிருந்து, பிறகு கேட்டாள். “ஆத்துல தண்ணி எல்லா இடத்துலயும் ஒரே மாதிரியா ஓடுது தாத்தா?”

அன்று மாலையே சுது கங்கைக் கரைக்குப் போனோம். எத்தனையோ ஆண்டுகள் அந்த ஆற்றைக் கடந்து போயிருக்கிறேன். நின்று பார்த்தது அன்றுதான். இரண்டு பாறைகளுக்கிடையே நீர் நெருங்கி வெள்ளையாய்ப் பாய்கிறது. அதே பாறையின் பின்புறத்தில், இரண்டு கை அகலத்தில், ஓர் இலை அசையாமல் மிதக்கிறது. அதற்கப்பால் ஒரு சுழி. கரையோரத்தில் நீர் எதிர்த்திசையில் மெல்லத் திரும்பி நடக்கிறது. பாறையின் மேற்பரப்பையொட்டிய நீரோ, கல்லின் உராய்வால், மேலே ஓடும் நீரைவிட எவ்வளவோ மந்தமாகச் செல்கிறது. கல்லொட்டி மீன் தட்டையாய் ஒட்டிக்கொள்வது அந்த மெல்லிய மந்த நீரில். இரை கொண்டுவருவது வேகமான நீர், அதைத் தின்ன இடம் தருவது மந்தமான நீர். இரண்டும் ஒரு முழ இடைவெளிக்குள் இருக்க வேண்டும். என் தொட்டியில் முதலில் மந்தம் மட்டும் இருந்தது, பிறகு வேகம் மட்டும் இருந்தது.

சுது கங்கையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அதுவும் முழுக்க இயற்கையாய் ஓடுகிற ஆறன்று. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலி கங்கையை மறித்து, மலையைக் குடைந்து, ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே அந்நீரை உக்குவெலை மின்நிலையத்துக்குக் கொண்டுவந்து, 1976 முதல் சுது கங்கையிற் சேர்க்கிறார்கள். அங்கிருந்து அது போவதென்னை நீர்த்தேக்கத்துக்குப் போய், ஒரு பகுதி வடக்கே குளங்களுக்கும், ஒரு பகுதி அம்பன் கங்கை வழியாக எலஹெரைக்கும் செல்கிறது. வடமத்திய மாகாணத்து வயல்களுக்கு அந்த நீர் சோறு. உக்குவெலைக்குக் கீழே ஆற்றின் பெருக்கும் தணிவும் மழையை மட்டும் பார்ப்பதில்லை. மின்நிலையத்தின் சக்கரம் எப்போது சுழல்கிறது என்பதையும் பார்க்கின்றன. அன்று கரையில் நின்றபோது, எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கும் இந்த ஆற்றுக்கும் உறவு இருக்கிறதென்று எனக்குப் பட்டது. இரண்டையும் யாரோ ஒருவர் குழாய் வைத்துத்தான் ஓட்டுகிறார்.

வீடு திரும்பி வேலை தொடங்கினோம். பெரிய பம்பியை விட்டெறியவில்லை. அதன் குழாயை மூன்றாகப் பிரித்தோம். முதற் கிளை குறுகிய வாயுடையது. குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் வாயின் பரப்பு காற்பங்காகும். அதே அளவு நீர் செல்வதாயின் வேகம் நான்கு மடங்காக வேண்டும். உண்மையில் நெருக்கத்தை எதிர்த்து அதே அளவு நீர் வருவதில்லை. ஆயினும் வேகம் கூடுவது திண்ணம். இந்த வாயை ஆற்றிலிருந்து கொண்டுவந்த இரண்டு உருண்டைக் கற்களுக்கு நடுவே திருப்பி வைத்தோம். இரண்டாவது கிளை அகலமான வாய். அதை எதிர்ச் சுவரிலிருந்து முதல் ஓட்டத்தை நோக்கித் திருப்பினோம். இரண்டு ஓட்டங்கள் நேருக்கு நேர் முட்டும் இடத்தில் எந்தத் திசையும் நிலைக்காமல் நீர் புரண்டுகொண்டிருக்கும். அதுதான் நாங்கள் ஆற்றிற் கண்ட சுழி. மூன்றாவது கிளை, வரிசையாகத் துளையிட்ட நீண்ட குழாய். அது பின்கண்ணாடி நெடுக மெல்லக் கசிந்தது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வால்வு. எஞ்சிய பலத்தை விட, கீழ்த் தொட்டிக்கே திரும்பும் ஒரு சிறு கிளை. வலது மூலைக்கு எந்த வாயையும் திருப்பவில்லை. அது ஓய்வு மூலை.

ஒரு வாரம் தினமும் வால்வுகளைத் திருகினோம். நீரின் போக்கைக் கண்ணால் காண, பேத்தி சிறிது வெந்த சோற்றுக் கஞ்சியைத் துளி துளியாக விட்டு, வெண்மை எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று தாளிற் படம் வரைந்தாள். (கஞ்சியை மிகுதியாக விட்டால் நீர் கெடும். இதை நாங்கள் ஒருமுறை கெடுத்துத்தான் கற்றோம்.) அந்தத் தாள்கள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. நான் திருத்திய எந்தக் கணக்குக் கொப்பியையும்விட அவை எனக்குப் பிரியமானவை.

எட்டாம் நாள் ஒரு மீன் மூலையை விட்டு வந்து, வேகமான வாயின் எதிரே கிடந்த கல்லில் ஏறி, நீரோட்டத்தை நோக்கித் தலையை வைத்து ஒட்டிக்கொண்டது. சிறிது நேரத்தில் சுரண்டத் தொடங்கிற்று. பேத்தி கைதட்டப்போனவள், மீன் அஞ்சும் என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

வெற்றி கண்ட மனிதன் சும்மா இருப்பதில்லை அல்லவா? ஹவாயித் தீவுகளிலுள்ள வைக்கிக்கி மீன்காட்சியகத்துக்குப் பணிப்பாளராயிருந்த புரூஸ் கார்ல்சன் என்பார், பவளப் பூச்சிகளுக்காகச் செய்த ஒரு ஏற்பாட்டைப் பற்றி வாசித்தேன். தொட்டிக்கு மேலே ஒரு பாத்திரம். அதிற் பம்பி ஓயாமல் நீர் நிரப்பும். பாத்திரத்திலிருந்து ஒரு குழாய் மேலே எழுந்து, வளைந்து, தொட்டிக்குள் இறங்கும். நீர்மட்டம் வளைவைத் தாண்டியதும் குழாய் முழுவதும் நீர் நிறைந்து, பாத்திரத்து நீரையெல்லாம் ஒரே மூச்சில் இழுத்து வெளியே கொட்டும். அடியிற் காற்றுப் புகுந்ததும் நின்றுவிடும். மறுபடி நிரம்பும். கடல் அலை போல ஒரு பாய்ச்சல், ஓர் ஓய்வு. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாமல், ஒரே சீராய் ஓடும் பம்பியைக்கொண்டு சீரற்ற ஓட்டத்தை உண்டாக்கும் இந்த உபாயம் என்னை மயக்கிவிட்டது.

பழைய சிறு பம்பி, ஒரு பிளாஸ்ரிக் வாளி, ஓர் அங்குலக் குழாய். செய்து பார்த்தால் நீர் வளைவின்மேல் நூலாக வழிந்ததேயன்றி இழுக்கவில்லை. நிரப்பும் வேகம் குழாயின் அகலத்துக்குப் போதவில்லை என்று இரண்டு நாள் கழித்துப் புரிந்தது. முக்கால் அங்குலக் குழாயை மாற்றியதும், இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை, பன்னிரண்டு லீற்றர் நீர் இருபது வினாடியில் தொட்டிக்குள் விழுந்தது. கூடவே, கடைசிக் காற்றை விழுங்கும்போது அந்தக் குழாய் எழுப்பிய ஓசை! என் மனைவி சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “இந்தாங்க, கூடத்துல கக்கூஸ் கட்டிட்டீங்களா?” என்று கேட்டாள். இரவிலும் அது இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை முழங்கிற்று. நான்காம் நாள் வாளியை இறக்கினேன். உண்மையைச் சொன்னால், சத்தத்துக்காக மட்டும் இறக்கவில்லை. கடலில் அலை அப்படி வரலாம். இரத்தோட்டை வாய்க்காலில் இரண்டரை நிமிடத்துக்கு ஒரு வெள்ளம் வருவதில்லை. மீன்கள் அதைப் பொறுத்துக்கொண்டனவே தவிர விரும்பவில்லை.

மார்கழியில் ஓர் இரவு மின்சாரம் நின்றது. பம்பி ஓய்ந்ததும், நீருக்குள் மூழ்கியிருந்த மூன்று வாய்களும் உறிஞ்சும் குழாய்களாக மாறி, மேல் தொட்டி நீரைக் கீழே இழுத்தன. கீழ்த் தொட்டி நிரம்பிக் கூடத்தில் வழிந்தது. பகலெல்லாம் வளைகுழாயைப் பற்றிப் பேத்திக்குப் பாடம் நடத்தியவன், அதே வளைகுழாய் என் வீட்டிலேயே பின்னோக்கி வேலை செய்யும் என்று எண்ணவில்லை. மருந்து எளிது. ஒவ்வொரு குழாயிலும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை. மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். துளையிற் பாசி அடையாமல் வாரம் ஒருமுறை ஊசியாற் குத்த வேண்டும். இத்தகைய தொட்டி வைத்திருக்கும் அன்பர்கள் இதை மறவாதிருப்பார்களாக.

அந்தத் துளைகள் வெகு சீக்கிரம் தேவைப்பட்டன. 2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் எரிபொருளும் இல்லை, நீர்த்தேக்கங்களில் நீரும் போதவில்லை. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, சமையல் வாயுவுக்கு வரிசை. மனிதர் சோற்றுக்கே அலைந்த அந்நாட்களில் மூன்று மீன்களைப் பற்றிக் கவலைப்பட்டதைச் சொல்ல இப்போதும் கூச்சமாகவே இருக்கிறது.

25 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நீரிற் கரைந்து நிற்கக்கூடிய ஒட்சிசன் ஏறத்தாழ 8 மில்லிகிராம்தான். வெப்பம் கூடக் கூட அதுவும் குறையும். ஓட்டம் நின்றால், மீனும் சரளையில் வாழும் நுண்ணுயிரும் அதை உண்டு தீர்த்துவிடும். பற்றறியில் இயங்கும் சிறு காற்றுப் பம்பியொன்று வைத்திருந்தோம். முதல் இரண்டு நாளில் பற்றறி தீர்ந்தது. புதியது எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. மூன்றாம் இரவு, குப்பி விளக்கு வெளிச்சத்தில், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டோம்.

பேத்தி ஒரு செம்பை எடுத்தாள். தொட்டி நீரை மொண்டு, கையை உயர்த்தி, திரும்பத் தொட்டிக்குள்ளேயே ஊற்றினாள். மறுபடி மொண்டாள், ஊற்றினாள். கை வலித்தபோது நான் வாங்கிக்கொண்டேன். இருபது செம்பு அவள், இருபது செம்பு நான். நள்ளிரவுக்குமேல், வாளிச் சத்தத்துக்குச் சண்டை பிடித்த என் மனைவியும் எழுந்து வந்து, “நீங்க போய்ப் படுங்க, நான் ஊத்துறேன்” என்று முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். செம்பு நீர் ஒருமுறை இங்கே விழும், ஒருமுறை அங்கே விழும். சில சமயம் பலமாய், சில சமயம் சொட்டாய். விடியுமுன் ஒரு மீன், நீர் விழும் இடத்துக்கு நேர்கீழே இருந்த கல்லில் வந்து ஒட்டி, எங்களைப் பார்த்துத் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றது. வால்வும் குழாயும் கொண்டு நான் எட்டு நாளிற் செய்ததை மூன்று பேரின் தூக்கமற்ற கைகள் அன்று ஓரிரவிற் செய்தன. மூன்று மீன்களும் பிழைத்தன.

2023இல், எரிபொருள் நெருக்கடி தணிந்த பின், பேத்தியை அழைத்துக்கொண்டு இரத்தோட்டை வழியே மலையேறி, றிவர்ஸ்டன், பிட்டவலைப் பத்தனை, இலுக்கும்புரை கடந்து லக்கலைக்குப் போனேன். நக்கிள்ஸ் மலையின் அப்புறத்தில் ஓடும் களு கங்கையைக் காட்டுவதாக அவளுக்கு வாக்களித்திருந்தேன். களுத்துறையிற் கடலுடன் கலக்கும் பேராறு அன்று இது, அம்பன் கங்கையிற் சேரும் சிற்றாறு. முதுகுத் துடுப்பிலிருந்து நூல் போன்ற இழைகள் நீண்டு, உடலிற் கரும் புள்ளிகள் கொண்ட ஓர் அழகிய மீனை ரணில் சேனாநாயக்க 1985இல் இங்கிருந்துதான் விவரித்தார். இந்த ஆற்றுப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாய் இல்லை. அதைப் பிடிப்பதற்கு நாங்கள் போகவில்லை. பார்க்கக் கிடைத்தாற் பார்ப்பது என்றுதான் போனோம்.

நான் இளமையிற் கண்ட பழைய பல்லேகமை ஊர் அங்கே இல்லை. 2018இல் நிரம்பத் தொடங்கிய களு கங்கை நீர்த்தேக்கத்தின் அடியில் அது கிடக்கிறது. மக்களுக்குப் புதிய நகரம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மொரகஹகந்தையும் களு கங்கையுமாக இந்த அணைகள் தரும் நீருக்காக வடமத்திய மாகாணத்து விவசாயிகள் எத்தனை தலைமுறை காத்திருந்தார்கள் என்பதை நான் அறிவேன். அணை கட்டியது தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆயினும் அந்தப் பரந்த நீரின் முன்னால் நின்றபோது, எங்கள் தொட்டியின் முதல் வாரம் நினைவுக்கு வந்தது. கரைமுதல் கரைவரை ஒரே மாதிரியான நீர். காற்று வீசினாற் சிறு அலை. மற்றபடி அசைவில்லை.

பேத்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது எங்க ஓடத் தொடங்குது தாத்தா?” என்றாள்.

அங்கிருந்த ஒரு முதியவரைக் கேட்டோம். அவர் கையால் தென்மேற்கே காட்டினார். கரையோரமாக ஒற்றையடிப் பாதையொன்று இருந்தது. என் முழங்கால் வலித்தது, வெயிலும் ஏறிவிட்டது. பேத்தி என் கைத்தடியை எடுத்துத் தந்துவிட்டு முன்னே நடந்தாள். முக்கால் மணி நேரம் நடந்த பிறகு, கண்ணுக்கு எதுவும் தெரியுமுன், மரங்களுக்கு அப்பால் கல்லில் நீர் மோதும் சத்தம் கேட்டது.